சுழிக்காற்றில் நின்ற சித்தி

இன்று மதியம் நாகர்கோவிலில் எங்கள் மொட்டை மாடியில் காற்று சுழன்று சருகுகளைத் தூக்கியது. துணி எடுக்கப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன்.

சின்ன வயதில், இனயம் என்ற கடற்கரை ஊரில் எங்கள் முற்றத்துக்கும் இப்படிச் சுழிக்காற்று மணலை அள்ளிக்கொண்டு வரும். கடலில் செத்து, உடல் கரைசேராதவர்கள்தான் அப்படி வீடு தேடி வருகிறார்கள் என்பார்கள். மேலே பட்டால் ஆகாது என்று எல்லோரும் கதவைச் சாத்திக்கொள்வோம்.

சித்தப்பா மீன்பிடிக்கப் போன வள்ளம் திரும்பாத வருடம், சித்தி எங்களோடுதான் இருந்தாள். அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். அழவும் இல்லை. ஒருநாள் சுழிக்காற்று வந்தபோது, சித்தி முற்றத்தில் இறங்கி அதன் நடுவில் போய் நின்றாள்.

"வந்தியா?" என்று கேட்டாள்.

"ஏட்டி, உள்ள வா!" என்று வாசலில் நின்று அலறினாள் அம்மா. சித்தி அசையவில்லை. அம்மா ஓடிப்போய் அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். காற்று இருவரையும் சுற்றிவிட்டு வேலி தாண்டிப் போனது. சித்தி அம்மாவின் தோளில் விழுந்து அழுதாள்.

"ஒனக்கு பயமில்லியாக்கா?"

"பயந்தான் மக்கா. அதுக்கு ஒன்ன தனியா விடவா?"

அன்று சாயங்காலம், சித்தப்பா கோயிலில் பாட எழுந்து பாட்டை மறந்து திருதிருவென்று விழித்த கதையைச் சித்தி சொன்னாள். சொல்லும்போதே சிரித்துவிட்டாள்.