எண்ணெய் திரும்புகிறதா?

அந்த மோட்டார் சைக்கிளை எனக்கு விற்றவர் காலை இழுத்து இழுத்து நடப்பார். காரணத்தை முன்பே கேட்டிருக்க வேண்டும். வண்டி என் பெயருக்கு மாறிய பிறகுதான் கேட்டேன்.

“இஞ்சின் புடிச்சிக்கிச்சு நைனா. ஆயில் வர்றது நின்னுபோச்சு. பின்சக்கரம் கப்புனு நின்னுடிச்சி. வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆயில் திரும்புதான்னு மட்டும் பாத்துக்கினே இரு. மத்தபடி தங்கமான வண்டி.”

யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துப் போட்ட வண்டி அது. அதில் எண்ணெய் இஞ்சினுக்குள் தங்காது. ஸீட்டுக்குக் கீழே தனித் தொட்டியில் இருக்கும். பம்பு அதை இஞ்சினுக்கு அனுப்பும். வேலை முடிந்த எண்ணெய் சிறு குழாய் வழியாகத் தொட்டிக்கே திரும்பும். இஞ்சின் ஓடும்போது மூடியைத் திறந்தால் அது விழுவதைப் பார்க்கலாம். இதை வசதி என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது நோயாளியின் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

ஐம்பதுகளின் நடுவில் நான் செங்கல்பட்டில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. என் மனைவி முழுகாமல் இருந்தாள், ஐந்தாம் மாதம். மாமல்லபுரத்தில் இருந்த அக்காவைப் பார்த்தே ஆகவேண்டும் என்றாள். பஸ்ஸின் நாற்றம் பட்டாலே வாந்தி. ஆகவே மோட்டார் சைக்கிள். விற்றவரின் கால் விஷயத்தை நான் அவளிடம் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு படிப்பதுதான். வண்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை இரண்டு தரம் படித்தேன். கோடைக்கு ஒரு எண்ணெய், குளிருக்கு ஒன்று என்றது. அது சொன்ன கோடை இங்கிலாந்தின் கோடை. சித்திரை மாதத்துச் செங்கல்பட்டுக்கு அதில் பருவமே இல்லை. பெட்ரோல் பங்கில் நாற்பதாம் நம்பரையும் ஐம்பதாம் நம்பரையும் விரலில் தொட்டுத் தேய்த்து, நெய் வாங்குபவனைப் போல முகர்ந்து பார்த்தேன்.

“இன்னா சார், பொண்ணு பாக்க வந்தா மாரி பாத்துகினு கீற? சட்டுனு சொல்லு,” என்றான் பங்க் ஆள்.

கெட்டியாக இருந்தால் நல்லது என்ற பொது நம்பிக்கையில் ஐம்பதை வாங்கி ஊற்றினேன்.

புறப்படும்போது மூடியைத் திறந்தேன். எண்ணெய் தாராளமாக விழுந்தது. திருக்கழுக்குன்றத்து மலை கண்ணில் பட்டதும் நிறுத்தி, ஓடுகிற இஞ்சினோடு மறுபடி திறந்தேன். குழாய் வாயில் ஒன்றுமே இல்லை. உடனே இஞ்சினை அணைத்தேன்.

“இன்னா ஆச்சு?” என்றாள் பின்னால் இருந்தவள்.

“ஒன்றுமில்லை. வண்டிக்குக் கொஞ்சம் ஓய்வு.”

ஓய்வுக்குப் பிறகு கிளப்பினால் எண்ணெய் மறுபடி தாராளமாக விழுந்தது. ஊரைத் தாண்டி நிறுத்திப் பார்த்தால் மறுபடி வெறும் குழாய். கெட்டி எண்ணெய் குழாயில் ஏறவில்லை, நானே தேடி எடுத்து ஊற்றிய வினை என்று தீர்மானித்தேன். அவள் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள். சக்கரம் பிடித்துக்கொண்டால் முதலில் விழுபவள் அவள்தான். அவள் மட்டுமில்லை. வியர்வையில் கைப்பிடி வழுக்கியது. பனைமரங்களுக்கு நடுவே மூன்றாவது தரம் நிறுத்தினேன்.

“கெணத்துல கொடம் வுயுந்துட்டா மாரி அதுக்குள்ள இன்னாத்த தேடறீங்க? நெசத்த சொல்லுங்க.”

சொன்னேன். காலை இழுத்து நடப்பவரையும் சேர்த்துத்தான். அவள் கை வயிற்றுக்குப் போனது.

“ஸ்டார்ட் பண்ணுங்க.”

“வேண்டாம். தள்ளிக்கொண்டே போய்விடலாம்.”

“பண்ணுங்கன்றேன்.”

உதைத்துக் கிளப்பினேன். அவள் குனிந்து தொட்டிக்குள் பார்த்தாள். நான் ஒரு பனைமரத்தைப் பார்த்தேன்.

“வருகிறதா?”

“வருது... வருது... நின்னுடிச்சி.”

என் கை இஞ்சினை அணைக்கப் பாய்ந்தது.

“கைய எடுங்க! தோ, துப்புது. நிக்குது. மறுபடி துப்புது.”

எட்டிப் பார்த்தேன். குழாய் ஒரு வாய் எண்ணெயைத் துப்பியது, சும்மா இருந்தது, மறுபடி துப்பியது. அதன் சுபாவமே அப்படித்தான். வண்டி நின்ற நேரத்தில் இஞ்சின் அடியில் சேர்ந்ததை வாரிக் கொட்டிவிட்டு, பிறகு வந்ததை வந்தபடி துப்பும். நான் ஒவ்வொரு தரமும் இடைவெளியில் எட்டிப் பார்த்து, அடுத்த துப்பலுக்குக் காத்திராமல் அணைத்திருக்கிறேன்.

அவள் உடனே ஏறவில்லை. “வூட்டுலயே ஏன் சொல்லல?”

“பயப்படுவாய் என்று.”

“இப்போ மட்டும் பயமா இல்லியா? சக்கரம் புடிச்சிக்கினா எத்த அமுக்கணும்?”

இஞ்சினிலிருந்து சக்கரத்தைப் பிரித்துவிடும் கிளட்சைக் காட்டினேன்.

“அதுமேல கைய வெச்சிகினே ஓட்டுங்க.”

மாட்டுவண்டிகள் எங்களைத் தாண்டாதது ஒன்றுதான் குறை. இஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறினால் அவள் நகம் என் தோளில் இறங்கும். நான் கிளட்சை அமுக்குவேன். வண்டி நடுரோட்டில் சும்மா நின்று கத்தும். இதுவரை ஒருவன் பயந்தது போய், இப்போது இருவர் பயந்தோம்.

கடல் காற்று முகத்தில் பட்ட இடத்தில் அவளே நிறுத்தச் சொன்னாள். இறங்கி, முந்தானையைச் செருகிக்கொண்டு, மூடியைத் திருகிக் குனிந்தாள். நான் தொட்டியைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

“ம். ஏறுங்க,” என்றாள்.