கொசுறு ஊற்றும் இயந்திரம்

எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் அதைக் காதோரம் கொண்டுபோய் ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்ப்பார் ஜெயினுலாபுதீன். லாரி ஹாரன், டார்ச் விளக்கு, தேங்காய், எதுவும் தப்பாது. போன வாரம் நம் பத்திரிகையின் இதழ் ஒன்றைக் கொடுத்தேன். அதையும் குலுக்கினார். "உள்ள இன்னாமோ லூஸா கீது சார்" என்றார். ஆசிரியரிடம் இதுவரை சொல்லவில்லை.

கோவளத்தில், தர்காவுக்குப் போகிற வழியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே அவருடைய பட்டறை. லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஒயரிங் வேலை பார்க்கிறார். பட்டறையின் முன்பாதி அவர் மனைவி ரோஷன் பீவியின் நன்னாரி சர்பத் கடை. பின்னால் கிரீஸ் வாசனை, முன்னால் நன்னாரி வாசனை. நடுவில் தொங்கும் சாக்குத் திரைதான் குடும்ப அமைதியைக் காத்து வருகிறது.

மனிதர்களிடம் அவர் அதிகம் பேசமாட்டார். மோட்டாரிடம் பேசுவார். "வா நைனா, மக்கர் பண்ணாத" என்று கெஞ்சுவார், பிறகு ஊதுவார், அப்புறம்தான் ஸ்குரூ டிரைவரை எடுப்பார். அந்த ஸ்குரூ டிரைவர் காதில் செருகியிருக்கும். அதை ஊரெல்லாம் தேடுவார்.

மழைக்காலத்திலிருந்து ரோஷன் பீவியின் வலது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. காலையிலிருந்து பொழுது சாயும்வரை சர்பத்தை மொண்டு மொண்டு ஊற்றிய கை. ஓய்வு கொடுக்காவிட்டால் விரல் மடங்காமலே போய்விடும் என்று கம்பவுண்டர் பயமுறுத்திக் கட்டுப் போட்டு அனுப்பினார். "கைக்கு லீவு வுட்டா கடைக்கு யாரு வருவா?" என்று கேட்டுவிட்டு, பீவி கட்டை அவிழ்த்து ஆணியில் மாட்டினார், கரண்டியைக் கையில் எடுத்தார்.

ஜெயினுலாபுதீன் திரைக்குப் பின்னால் போனார். அன்றைக்கே ஓட்டை லாரியொன்றின் வைப்பர் மோட்டாரைக் கழற்றிக் காதோரம் குலுக்கினார்.

இயந்திரம் உருவானது இப்படித்தான். சர்பத் பீப்பாயின் குழாயைத் திறந்து மூட அந்த மோட்டார். அதற்கு லாரி பேட்டரி. குழாய்க்குக் கீழே ஸ்பிரிங் வைத்த தட்டு. காலித் தம்ளரைத் தட்டில் வைத்தால் குழாய் திறக்கும். தம்ளர் நிறைந்து கனத்தால் தட்டு தாழ்ந்து குழாய் மூடிக்கொள்ளும். எதற்கு இந்த வேலை என்று யார் கேட்டாலும், "சும்மா, பொயுது போவல" என்பார். மனைவியின் கைவலியைப் பற்றி மூச்சு விடமாட்டார்.

பீவிக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. "மிஷினு ஊத்துனது என் வாயில படாது. வியாயக்கெயம ஒரு நாளு பாப்பேன். ஜனம் மூஞ்ச சுளிச்சா மோட்டாரு லாரிக்கு, கரண்டி என் கைக்கு." வியாழன்தான் தர்காவுக்குக் கூட்டம் வரும் நாள்.

அந்த வியாழன் விடிந்ததும் முதலில் வந்த அம்மாள் வீட்டிலிருந்து பித்தளைச் சொம்பு கொண்டுவந்திருந்தார். அதன் கனத்தைக் கண்ட இயந்திரம், நிறைந்துவிட்டதாக நினைத்துச் சும்மா இருந்துவிட்டது. "இன்னா பாய், உன் மிஷினு நோன்பா?" என்றார், கட்டுமரத்திலிருந்து நேராக வந்து நின்ற தாவீது.

பெரிய வினை தாவீதின் வடிவில்தான் வந்தது. கோவளத்தில் சர்பத் குடிப்பவர் பாதி குடித்ததும் தம்ளரை நீட்டுவார். பீவி ஒரு சொட்டு கொசுறு ஊற்றுவார். அது இல்லாவிட்டால் குடித்த மாதிரியே இருக்காது. தாவீது பழக்கதோஷத்தில் பாதித் தம்ளரைத் தட்டில் வைத்தார். கனம் குறைந்த தம்ளரைக் கண்ட இயந்திரம் முழுக்க நிரப்பியது. மறுபடி பாதி குடித்து வைத்தார். மறுபடி நிரப்பியது. "பாயம்மாவ வுட மிஷினுக்கு மன்சு பெருசு!" என்று கரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். கட்டுமரத்து ஆட்கள் அத்தனை பேரும் ஓடிவந்தார்கள். நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன்பே பீப்பாய் காலி.

பீவி திட்டவில்லை. கரண்டியைக் கழுவினார். அதுதான் ஜெயினுலாபுதீனைக் கலக்கியது.

"பேஜார் பண்ணாத புள்ள. இன்னொரு வியாயக்கெயம குடு."

எனக்குத் தெரிந்து அவர் மனிதரிடம் கெஞ்சியது அந்த ஒரு முறைதான்.

லாரி திரும்பும்போது மினுக்கும் விளக்கு இருக்கிறதே, அதை மினுக்கவைக்கும் சின்ன டப்பாவை இயந்திரத்தில் சேர்த்தார். ரோஷன் பீவி இடது கையால் பொத்தானை அழுத்தினால் ஒரு தம்ளர் முழுசாக வரும். அதே தம்ளரைத் திரும்ப வைத்தால் விளக்கு ஒரு தரம் மினுக்கும், அந்த நேரத்துக்கு மட்டும் குழாய் திறக்கும். மூன்றாம் தடவை வைத்தால் அசையாது. சொம்புக்காரர்களுக்கும் கடைத் தம்ளர்தான் என்று முடிவாயிற்று.

அடுத்த வியாழன் நானும் போயிருந்தேன். தாவீது பாதி குடித்து, கண்ணைச் சிமிட்டிக்கொண்டே தம்ளரை வைத்தார். விளக்கு மினுக்கியது. சளக்கென்று ஒரு வாய் விழுந்து குழாய் மூடியது. மறுபடி வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. தட்டிப் பார்த்தார். பிறகு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "அச்சு பாயம்மா கையிப்பா இது!" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. பீவியும் முக்காட்டுக்குள் சிரித்தார். அன்று முழுவதும் அவருடைய வலது கை, கட்டோடு, மடியில் கிடந்தது. எனக்குச் சொந்தக் கை வலி தீர்ந்ததுபோல் அத்தனை சந்தோஷம்.

சாயங்காலம் கூட்டம் கலைந்தது. பீவி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தி, இடது கையால் ஒரு தம்ளரைத் தட்டில் வைத்தார். பாதி குடித்தார். திரும்ப வைத்தார். விளக்கு மினுக்கி, கொசுறு விழுந்தது. அதையும் குடித்துவிட்டு இன்னொரு தடவை வைத்தார். இயந்திரம் அசையவில்லை. அவரும் தம்ளரை எடுக்கவில்லை. திரைப் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஜெயினுலாபுதீன் கைலியில் கிரீஸைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஒற்றை விரலால் குழாயின் பிடியைத் தூக்கி, இன்னொரு சொட்டு விழவிட்டார்.