மாஸ்டரின் தேக்குப் பலகை

தையற்கடையில் பதினோரு வருஷம் காஜா எடுத்ததால் அவளுக்குக் காஜாக்காரி என்றே பேர் நிலைத்துவிட்டது. வேலையில் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் ஒருநாள் இரண்டு மீட்டர் பட்டுத்துணி காணாமல் போனதும் கடைக்கார மாஸ்டர் வேறு யாரையும் கேட்கவில்லை. வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் பையைப் பிடுங்கித் துணி வெட்டும் பலகைமேல் கவிழ்த்தார். சாப்பாட்டு டப்பா திறந்து குழம்பு ஓடியது. பட்டு இல்லை.

"பலகையத் துடைச்சுட்டுப் போ," என்றார்.

துடைத்தாள். மறுநாளிலிருந்து போகவில்லை. நாலாம் நாள் அலமாரிக்குப் பின்னால் பட்டு கிடைத்ததாம். அதைச் சொல்லி அனுப்பக்கூட அவருக்கு மனம் வரவில்லை.

வீட்டிலேயே மெஷின் போட்டுப் பிழைத்தாள். மறந்துவிடச் சொல்லிக் கணவன் அலுத்துப்போனான். அவள் மறக்கிற ரகம் இல்லை.

ஆறு வருஷம் கழித்து, சமையல் மேடைக்கு மலிவாகக் கல் பார்க்கப் பழைய சாமான் கிடங்குக்குப் போனார்கள். சுவரில் சாய்ந்து நின்றது அந்தப் பலகை. ஏழடித் தேக்கு, ஓரத்தில் அளவுக்கோடுகள், நடுவெல்லாம் கத்தரித் தழும்பு. கடையை இடித்தபோது மாஸ்டரின் மருமகன் அவரைக் கேட்காமலே விற்றுத் தள்ளிவிட்டானாம். கணவன் கருங்கல்லைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பலகையைக் காட்டி, "இதுதான்," என்றாள்.

கூட வந்த தச்சர் தலையைச் சொறிந்தார். மரம் வளைந்திருக்கிறது, தண்ணீர் பட்டால் ஊறும், அடுப்பருகே ஆகவே ஆகாது என்று அடுக்கினார். அடுப்புக்குக் கீழே மட்டும் கல், மீதி முழுக்க இந்த மரம்தான் என்று அவள் ஒரே பிடியாய் நின்றாள்.

இடுக்குகளில் ஒடிந்து கிடந்த ஊசிகளைப் பிடுங்கவே தச்சருக்கு அரைநாள் ஆயிற்று. பிறகு இழைத்து, வளைவை நிமிர்த்த அடியில் சட்டம் அடித்து, நாலு முறை எண்ணெய் பூசினார். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு எங்கே வெட்டுவது என்று அவர் கேட்டதும் அவள் சாக்பீஸால் கட்டம் போட்டாள். மாஸ்டர் நின்று கத்தரி பிடித்த இடம் அது. வெட்டியெடுத்த துண்டை எரித்து வெந்நீர் காய்ச்சிக் குளித்தாள். பல வருஷத்தில் அப்படி உடம்பு லேசானதில்லை.

சேதி எப்படியோ போய்ச் சேர்ந்தது. ஒரு மாதத்தில் மாஸ்டரே பழப்பையோடு படியேறி வந்தார். தன் அப்பா வாங்கிப் போட்ட பலகை அது, திருப்பிக் கொடுத்தால் அவள் கேட்கிற கல்லைத் தானே பதித்துத் தருவதாகச் சொன்னார். அவள் ஒரு மீனை எடுத்து, பலகைமேலேயே போட்டுச் செதில் சுரண்டினாள். ஒவ்வொரு இழுப்புக்கும் அவர் முகம் சுருங்கியது.

"உன்ன சந்தேகப்பட்டது என் தப்புதாம்மா," என்றார் கடைசியில்.

"நாலாம் நாளே உங்களுக்கு அது தெரியும் மாஸ்டர்."

அவர் தொட்டியையே பார்த்தார். "பலகை வேணாம். இங்க வெட்டின துண்டாவது குடும்மா. அடிப்பக்கத்துல எங்கப்பா பேர் செதுக்கியிருக்கும்."

அடிப்பக்கத்தை அவள் பார்த்ததே இல்லை. கத்தி ஒரு கணம் நின்றது.

"எரிச்சாச்சு," என்றாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கிப் போனார். கணவனுக்கே பொறுக்கவில்லை, பேர் இருந்தது தெரிந்திருந்தால் எரித்திருக்க மாட்டாய்தானே என்று கேட்டான்.

"படிச்சுட்டு எரிச்சிருப்பேன்," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த மீனை எடுத்தாள்.