தேவிப்ரியா மூடாமல் விட்டவை

தேவிப்ரியாவுக்குத் தலை சுற்றியது. ஆரணியில் தனசேகரனின் பட்டுத் தறிக்கூடத்தில் டிசைன் அனுப்பும் புரோகிராம் அவள் எழுதியது. தறிக்கு ஒரு கம்ப்யூட்டர். எல்லாம் சமர்த்தாக ஓடின. நெசவாளர் தங்கவேலுவின் தறி மட்டும் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு மக்கர் செய்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் ஓடும், மறுநாள் மறுபடி முரண்டு பிடிக்கும்.

எலி கடித்திருக்குமோ என்று வயரை மாற்றினாள். பக்கத்துத் தறியின் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தாள். அதுவும் நின்றது. இவருடையதோ அங்கே போய் ஜோராக ஓடியது! இதென்ன கூத்து?

"பொட்டி மேல தப்பு இல்ல, ஆள் மேலதான்" என்று தனசேகரன் தீர்ப்பே சொல்லிவிட்டார். "கை நடுங்கி கண்டத அமுக்கிகினு இருக்காரு. தினம் இதே பேஜாரு. நாளைக்கும் நின்னா வேற ஆளப் போடறேன்."

தங்கவேலு தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம்தான் தப்பு இருக்குமோ என்று தேவிப்ரியாவும் பாதி நம்பிவிட்டாள், அதுதான் கொடுமை.

மறுநாள் காலையிலேயே அவர் தறியருகே உட்கார்ந்தாள். மற்றவர்கள் ஒரு டிசைன் போட்டால் அதோடு சரி. இவர் நெய்வது கல்யாணச் சேலை. கரை, புட்டா, முந்தி என்று மாற்றிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புரோகிராம் ஒரு ஃபைலைத் திறந்தது. திறந்ததை மூடவே இல்லை. மதியத்துக்குள் அத்தனையும் சேர்ந்துபோய், இனி ஒன்றுகூடத் திறக்க முடியாதென்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிடும்.

மூடும் வரியை அவள் வேண்டுமென்றேதான் விட்டிருந்தாள். நெசவுக்காரர் வீட்டுப் பெண் அல்லவா! தறியில் நீளவாட்டில் பூட்டிய பாவு நூல் தீர்ந்தாலும் அதன் கடைசி நுனிகளை யாரும் தறியிலிருந்து உருவி எறிவதில்லை. அவற்றோடுதான் புதுப் பாவை முடிச்சிடுவார்கள். இருப்பதை விட்டுவைத்தால் அடுத்த வேலை சுளுவு என்று வளர்ந்த புத்தி, ஃபைலுக்கும் அதையே செய்தது.

அந்த ஒரு வரியைச் சேர்த்தாள். பொழுது சாயும்வரை தறி நிற்கவில்லை.

"தப்பு என்னுதுதாண்ணா. முதலாளிகிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள்.

தங்கவேலு புரியாமல் விழித்தார். "அப்ப என் கை நல்லாத்தான் கீதா?"

"நல்லாத்தான் இருக்குதுண்ணா."

"எங்க வூட்டாண்ட வந்து ஒருவாட்டி சொல்லிட்டுப் போம்மா. கை நடுங்குதுன்னு நெனச்சிகினு, எம் பொஞ்சாதி சோத்தப் பெசஞ்சி ஊட்டி வுடறா."