சாவி வைத்திருக்கிற ஆள்

பூட்டுக்காரர், சாவியில்லாமல் வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்ட எத்தனையோ பேருக்குக் கதவு திறந்துவிட்டவர். ஆனால் மனைவிக்கு ஞாபகம் பிசகி, அவள் இரண்டு முறை தெருவில் இறங்கி எங்கோ போய்விட்ட பிறகு, தன் வாசற்கதவின் உட்பக்கம் புதுப் பூட்டு ஒன்றைப் பொருத்தினார். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒருவன் நடமாடத் தொடங்கினான்.

பகலில் உதவிக்கு வரும் பெண்ணிடம்தான் மனைவி முதலில் சொன்னாள். "எங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும் ஒருத்தன் வர்றான். கழுத்துல சாவி. என்னை வெளியவே விடமாட்டேங்கிறான்."

அடுப்படியில் நின்று அதைக் கேட்ட பூட்டுக்காரர் சாவியைச் சட்டைக்குள் தள்ளினார். அவள் பயப்படக் கூடாதென்று ஓசைப்படாமல் நடந்து பார்த்தார்; அது இன்னும் மோசம். அவர் கூடத்துக்கு வந்தாலே அவள் நாற்காலியைச் சுவரோடு நகர்த்தினாள். சில மதியங்களில் அவருக்கே, பின்னால் எவனோ நிற்பதுபோலத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

மகள் சொன்னாள்: "ராத்திரிக்கும் ஒரு ஆள் வெச்சுக்கலாம். இல்லேன்னா முதியோர் இல்லம். ஏதாவது ஒண்ணு சொல்லுங்கப்பா."

"நான் ஒருத்தன் இருக்கேன்ல?"

"நீங்க இருக்கறதுதாம்பா..."

சும்மா பார்த்துவிட்டு வரத்தான் மூவரும் இல்லத்துக்குப் போனார்கள். அவர் ஒவ்வொன்றிலும் குறை தேடினார். திரைச்சீலையில் கறை. வராந்தாவெல்லாம் பினாயில் நெடி. "இதெல்லாம் ஒரு பூட்டா? ஹேர்பின் போதும்."

"அப்பா, வந்த வேலையைப் பாருங்க." மகள் அலுவலக அறைக்குள் போனாள்.

மனைவி ஜன்னலோரப் பெஞ்சில் பிஸ்கட் தின்றுகொண்டு காலாட்டிக்கொண்டிருந்தாள். அவர் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். அவள் விலகவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமாங்க?"

"கேளுங்கம்மா." அவளிடம் அவர் ஒருநாளும் இப்படி மரியாதை போட்டுப் பேசியதில்லை.

"எங்க வீட்ல ஒருத்தன் இருக்கான். அவன் இங்கயும் வந்துடுவானா?"

"வரமாட்டான்."

"அவன்கிட்ட சாவி இருக்கு."

"அந்தச் சாவி இங்க சேராதுங்க."

"நிஜமா?"

"பூட்டு என் தொழிலும்மா."

அவள் நெடுநேரம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு பாதி பிஸ்கட்டை நீட்டினாள். "எங்க வீட்டுக்காரர் வந்தா மட்டும் திறந்துவிடச் சொல்லுங்க."

"சொல்றேங்க," என்றவர், மகளுக்குப் பதில் சொல்ல அலுவலக அறைக்கு எழுந்து போனார்.