அம்பாசடருக்குச் சீயக்காய்

உத்திரமேரூரில் ஒரு நெல் மண்டி பாயிடம் நான் கார் ஓட்டினேன். கறுப்பு அம்பாசடர். ஊரில் செல்போன் ஒன்றிரண்டு பேர் கையில்தான் இருந்த காலம்.

பாய் அதிகம் பேசமாட்டார். நானும் பேசமாட்டேன். காஞ்சிபுரம் போகிற வழியில் அவர் "மாடு" என்பார். நான் "பாத்தேன்" என்பேன். திரும்பி வரும்போது அதுவும் இருக்காது. எங்களுக்கு ஒத்துப்போனது.

கார் நிற்பது மண்டி வாசலில். பக்கத்தில் அரிசி மில். மில்லில் உமியை எரிப்பார்கள். புகைபோக்கி அந்தக் கரியை ஊர் மேல் தூவும். எங்கள் கார் மேல் கொஞ்சம் தாராளமாகத் தூவும். காருக்கு நேர் எதிரே களம். அங்கே நெல் தூற்றுவார்கள். பதர் பறந்து வரும். தினமும் காலையில் நான் காரைக் கழுவித் துடைப்பேன். பார்க்கச் சுத்தமாக இருக்கும். தொட்டால் பூனை நாக்கு மாதிரி இருக்கும்.

காரை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. அதனால் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. அந்தச் சொரசொரப்பால் பலன் அடைந்தது ஒரு ஆடு மட்டும்தான். களத்தில் நெல் தூற்றும் அக்காவின் வெள்ளாடு. வெயில் சாய்ந்ததும் வரும். பம்பரில் கால் வைத்து பானெட்டில் ஏறிப் படுத்துக்கொள்ளும். அம்பாசடர் பானெட் உருண்டையானது. அதில் படுக்கப் பிடிமானம் வேண்டும். எங்கள் காரில் பிடிமானம் இருந்தது.

நான் ஆட்டை விரட்டினால் அக்கா முறத்தை நிறுத்தாமலே கேட்பாள்.

"படுத்துக்கினு தானே கீது? ஓட்டிக்கினா பூடுது?"

நான் ஆட்டை விட்டுவிடுவேன்.

அப்போதுதான் துபாயிலிருந்து பாயின் மச்சான் லீவில் வந்தார். பாய் மனைவியின் தம்பி. அங்கே கார் கழுவி மெருகேற்றும் கடையில் மேஸ்திரியாக இருந்தவர். வந்த அன்றே காரைச் சுற்றி வந்தார். கண்ணால் பார்க்கவில்லை. கடையிலிருந்து ஒரு பாலித்தீன் கவரை வாங்கி அதற்குள் கையை விட்டுக்கொண்டார். பிறகு அந்தக் கையால் பானெட்டைத் தடவினார். கதவைத் தடவினார். கண்ணை மூடிக்கொண்டு தடவினார். பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

"இன்னாத்துக்கு பாய் கவரு?" என்று ஒருத்தன் மச்சானைக் கேட்டான்.

"கவரு போட்டாதான் சின்னச் சொரசொரப்பும் கைக்குத் தெரியும்."

"மாட்டு ஆஸ்பத்திரில கூட இப்டித்தான் கைய வுடுவாங்க" என்றான் அவன்.

மச்சான் சிரிக்கவில்லை. பாயிடம் திரும்பினார்.

"மாமு, இந்தக் காரு மேல பெயின்ட்டே இல்ல. மண்ணுதான் கீது. உன் டிரைவரு இன்னா பண்றாரு?"

"கழுவுறான்" என்றார் பாய்.

"கழுவுனா இப்டியா இருக்கும்? மெட்ராஸ்ல எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் கீறான். வண்டியும் ஓட்டுவான், வண்டிய வச்சிக்கவும் தெரியும். இட்டாந்து வுடட்டா?"

பாய் என்னைப் பார்த்தார். நான் காரைப் பார்த்தேன். பாய் வீட்டில் அந்த அம்மாவின் சொல்தான் சட்டம். அந்த அம்மாவுக்குத் தம்பி சொல்தான் சட்டம். எனக்கு இது தெரியும்.

என் அப்பன் ஏர் ஓட்டினான். நான் கார் ஓட்டினேன். வேறு எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. அந்த சீட் போனால் அவ்வளவுதான்.

பாய் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். பிறகு சொன்னார்.

"இவனுக்கே சொல்லிக் குடேன். சரியா வரலன்னா அப்புறம் பாக்கலாம்."

அவர் ஒரே மூச்சில் அத்தனை பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் மச்சான் ஒரு டப்பாவைக் கொண்டுவந்தார். உள்ளே நீல நிறத்தில் ஒரு கட்டி. சோப்பு மாதிரி இருந்தது. பிசைந்தால் பரோட்டா மாவு மாதிரி வளைந்தது. அது ஒரு வகைக் களிமண்ணாம். பெயின்ட்டில் ஒட்டிய கரி, தார், பிசின் எல்லாவற்றையும் பிடுங்கி எடுத்துவிடுமாம்.

பானெட்டில் ஒரு முழம் இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்தார். கட்டியைத் தட்டையாக்கி மேலே வைத்து இப்படியும் அப்படியும் தள்ளினார். அழுத்தவில்லை. முதலில் சர்சர் என்று சத்தம் வந்தது. தள்ளத் தள்ளச் சத்தம் குறைந்தது. கடைசியில் சத்தமே இல்லை. துணியால் துடைத்துவிட்டு கவரை என்னிடம் கொடுத்தார். கையை விட்டுத் தடவினேன். கை நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது.

கட்டியைத் திருப்பிக் காட்டினார். நீலம் போய் டீ டிகாஷன் நிறமாகியிருந்தது.

"இத்தினி நாளா நீ கழுவாதது" என்றார்.

நான் கட்டியை வாங்கிக்கொண்டேன்.

"அழுக்கானா மடிச்சிப் பெசஞ்சி புதுப் பக்கத்த எடுத்துக்கணும். தண்ணி காயக் கூடாது. கீழ வுழுந்தா எடுக்கக் கூடாது, அத்தோட தூக்கிப் போட்ரணும். மண்ணு ஒட்டிக்கினு கோடு கோடா கீறிடும். எல்லாம் முடிஞ்சதும் மேல வாக்ஸ் போடணும். நான் மாமியார் வூட்டுக்குப் போயிட்டு வெள்ளிக்கிழம தொழுகைக்கு அப்புறம் வந்து பாப்பேன்."

பாலித்தீன் கவரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மெட்ராஸ் பஸ் ஏறினார்.

நான் தேய்க்க ஆரம்பித்தேன். மேற்கூரை, டிக்கி, கதவுகள். ஒவ்வொரு முழமாக. சத்தம் நிற்கும் வரை தள்ளுவது, மடிப்பது, பிசைவது. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பேச வேண்டியதில்லை. கார்தான் சர்சர் என்று பேசியது, அதுவும் கொஞ்ச நேரத்தில் அடங்கியது.

இடதுபக்கக் கதவில் இருக்கும்போது கட்டியில் பாதி பிய்ந்து கீழே விழுந்தது. தூக்கிக் குப்பையில் போட்டேன். கல்லாவிலிருந்து பாய் எழுந்து வந்தார். பாய் எதையும் எறிய விடமாட்டார். மூட்டை பிரித்த சணலைச் சுருட்டி வைப்பார். தேய்ந்த சோப்புகளை ஒன்றாக ஒட்டிப் புதுச் சோப்பு செய்வார். குப்பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்துக் கழுவினார்.

"ஒன்னும் ஆவல. தேய்."

"மச்சான் கூடாதுன்னாரு."

பாய் யோசித்தார். மச்சான் பெயருக்கு மரியாதை உண்டு. துண்டை எடுத்துக்கொண்டு போய், தண்ணீர் டிரம்மில் ஒழுகிக்கொண்டிருந்த ஓட்டையில் வைத்து அமுக்கினார். ஒழுகல் நின்றது. திரும்பி வந்து கல்லாவில் உட்கார்ந்தார். அன்று முழுதும் நல்ல முகமாக இருந்தார்.

வியாழக்கிழமை சாயந்திரம் தேய்த்து முடித்தேன். மிச்சம் வாக்ஸ். அது உத்திரமேரூரில் கிடைக்கவில்லை. உதிரிபாகக் கடையில் கேட்டேன். மெழுகுவத்தி கொடுத்தார்கள்.

பாயிடம் சொன்னேன்.

"அது இன்னாத்துக்கு?" என்றார்.

"பளபளப்புக்கு."

பாய் உள்ளே போனார். ஒரு டப்பா தேங்காயெண்ணெயோடு வந்தார்.

"எங்கூட்ல அத்தன பேரு தலையும் இதுலதான் பளபளக்குது. போடு."

எனக்கும் அது சரியாகவே பட்டது. பழைய துணியில் தொட்டு வண்டி முழுக்கப் பூசினேன். காரில் என் முகம் தெரிந்தது. பாய் வந்து பார்த்தார். அவர் முகமும் தெரிந்தது. தாடியைச் சரிசெய்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை நான் வரும்போதே களத்தில் வேலை ஆரம்பித்துவிட்டது. அறுவடைக் காலம். அக்கா முறத்தைத் தலைக்கு மேல் தூக்கித் தூற்றிக்கொண்டிருந்தாள். காற்று எங்கள் பக்கம் வீசியது.

காரைக் காணோம். கார் இருந்த இடத்தில் பெரிய கம்பளிப்பூச்சி ஒன்று நின்றது. பதர், உமி, தூசு, வைக்கோல் துணுக்கு, எல்லாம் எண்ணெயில் ஒட்டி, கறுப்பு என்பதே தெரியவில்லை. கண்ணாடி மட்டும் கொஞ்சம் தெரிந்தது. காற்று வீசும்போது அதன் ரோமம் அசைந்தது.

பாய் வந்தார். நின்றார்.

"காரா?" என்றார்.

"ஆமா."

"எம்மாம் நேரம் கீது?"

"தொழுகை முடியற வரிக்கும்."

துணியால் துடைத்துப் பார்த்தேன். பதர் இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்குப் போனது. தண்ணீர் ஊற்றினேன். எண்ணெய் மேல் தண்ணீர் உருண்டு ஓடியது. அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள்.

"இன்னாணே, வண்டிக்குக் குளுரா? போத்தி வுட்டுக்கீறே."

நான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா தடவுனே?"

"தேங்காண்ண."

அக்கா கொஞ்ச நேரம் சிரித்தாள். உட்கார்ந்து சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பாயைப் பார்த்தாள்.

"எண்ண தேச்சா சீயக்கா போட்டுத் தானே குளிப்பாட்டணும்? எண்ணய தேச்சி அப்டியே தெருவுல நிறுத்தி வச்சிக்கினா? வூட்டுல பொம்பளைங்கள ஒரு வார்த்த கேக்கறதில்ல?"

பாய் உள்ளே போய் ஒரு பொட்டலம் சீயக்காய் கொண்டுவந்தார். நான் அதைக் காரில் போடப் போனேன். அக்கா கையைத் தட்டிவிட்டாள்.

"அப்டியே போட்டா கீறிப்பூடும். கொயந்தைக்குப் போடற மாதிரி கரைச்சி வடிகட்டுணே."

பழைய வேட்டியில் வடிகட்டினோம். அக்கா அண்டா பிடித்தாள். நான் ஊற்றித் தேய்த்தேன். பாய் தொழுகைக்குப் போகிற வெள்ளை ஜிப்பாவோடு டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். நுரை வந்தது. பதர் வழிந்து சாக்கடையில் போனது. டீக்கடையில் இருந்தவர்கள் மறுபடியும் எழுந்து வந்தார்கள்.

"சாம்பிராணி எப்போ பாய்?" என்று ஒருத்தன் கேட்டான்.

அலசித் துடைத்தேன். கவர் ஒன்றில் கையை விட்டுத் தடவினேன். கை நிற்காமல் போனது. பாங்கு சொன்னார்கள். பாய் ஈர ஜிப்பாவோடு பள்ளிவாசலுக்குப் போனார்.

தொழுகை முடிந்து மச்சானும் பாயும் சேர்ந்து வந்தார்கள். மச்சான் சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்தார். கண்ணை மூடினார். மேற்கூரையில் ஆரம்பித்தார். டிக்கி. வலதுபக்கக் கதவு. இடதுபக்கக் கதவு. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முன்னால் வந்தார். பானெட் அருகே குனிந்தார். நிறுத்தினார். மோந்து பார்த்தார்.

"இன்னா வாசன இது?"

நான் கையிலிருந்த துணியை மடித்தேன்.

"வாக்ஸு" என்றார் பாய்.

"வாக்ஸா? எந்தக் கம்பெனி?"

"லோக்கல்."

மச்சான் மறுபடியும் மோந்தார். அவருக்குத் தெரிந்த வாசனைதான், ஆனால் எங்கே என்று பிடிபடவில்லை. கவர் போட்ட கையைப் பானெட்டில் வைத்தபடி சொன்னார்.

"ஒரு தபா நல்லா பண்ணிட்டா போதுமா மாமு? அந்த மெட்ராஸ் பையன் கூட நான் பேசிட்டேன். ஞாயித்துக்கிழம வர்றேன்னு சொல்லிக்கீறான்."

பாய் ஜிப்பாவின் ஈர நுனியைப் பிழிந்தார். நான் சட்டைப் பையிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தேன்.

அப்போது ஆடு வந்தது. வெயில் இன்னும் சாயவில்லை. அன்று ஏன் முன்னாலேயே வந்தது என்று தெரியாது. எங்களை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. பம்பரில் கால் வைத்தது. வழக்கம்போல ஒரே தாவு. பானெட் மேல் நாலு காலும் பட்டது. அவ்வளவுதான் பட்டது. நாலு கால் நாலு திசைக்குப் போனது. ஆடு வயிற்றில் உட்கார்ந்து, மெதுவாக, பாயைப் பார்த்தபடியே, மச்சான் பக்கமாக வழுக்கி வந்தது. மச்சான் இரண்டு கையாலும் பிடித்தார். ஒரு கையில் கவர் இருந்ததால் பிடி சரியாகக் கிடைக்கவில்லை. மச்சானும் ஆடும் களத்து நெல்லில் உட்கார்ந்தார்கள்.

ஆடு எழுந்து காரைத் திரும்பிப் பார்த்தது. அதன் முகத்தில் அப்படி ஒரு வருத்தம்.

"யார்ரா எம் பானெட்ட நாசம் பண்ணது" என்று அக்கா ஆட்டுக்காகப் பேசினாள்.

பாய் மச்சானுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். பேண்ட்டில் ஒட்டிய பதரைத் தட்டிவிட்டார். பிறகு சொன்னார்.

"கவரு போட்டுப் பாத்தே. ஆடு போட்டும் பாத்தாச்சு. இன்னும் இன்னா பாக்கணும்?"

டீக்கடையே சிரித்தது. மச்சான் கவரைக் கழற்றி வெறும் கையால் பானெட்டைத் தடவினார். குளம்பு பட்ட இடத்தில் மெல்லிய கோடு ஒன்று இருந்தது. அதன் மேல் விரலை வைத்தார். என்னைப் பார்த்தார்.

"வழவழன்னுதான் கீது" என்றார். "அந்தப் பையன வர வேணாம்னு சொல்லிடறேன்."

பாய் தலையை ஆட்டிவிட்டு என்னிடம் சொன்னார்.

"காலைல நாஷ்டா துன்னியா?"

"இல்ல."

"போ. போய்த் துன்னு."

லீவு முடிந்து மச்சானை ஏர்போர்ட்டில் விட்டது நான்தான். இறங்கும்போது மிச்சமிருந்த இன்னொரு நீலக் கட்டியை என் கையில் கொடுத்தார். பாய் அதை வாங்கிக் கல்லாவில் வைத்துப் பூட்டினார். டிரம் மறுபடியும் ஒழுகினால் வேண்டும் என்றார்.

மில் புகைபோக்கி தன் வேலையைச் செய்தது. நான் தினமும் கழுவினேன். பொங்கல் கழிந்து ஒரு சாயந்திரம் ஆடு வந்து பம்பரில் ஒரு கால் மட்டும் வைத்துப் பார்த்தது. இன்னொரு காலைப் பானெட்டில் வைத்து இழுத்துப் பார்த்தது. ஏறியது. நின்றது. படுத்துக்கொண்டது.

பாய் கல்லாவிலிருந்து பார்த்தார்.

"சொரசொரப்பு வந்துட்சு" என்றார்.

"ஆமா" என்றேன்.

மச்சான் துபாயில் இருந்தார். சாவி என் பையில் இருந்தது. ஆட்டை யாரும் எழுப்பவில்லை.