குளிக்கும் நேரத்து ஒப்பாரி மெட்டு

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. செத்துப்போன நாத்தனாரின் மகளையும் என் பிள்ளைகளோடு சேர்த்தே வளர்த்தேன். ஐந்து பேரும் யார் வாசலிலும் கைநீட்டி நின்றதில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான்; எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை.

என் வீட்டுக்காரர் மராட்டிச் சீமையில், கட்கி என்ற ஊரில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் பக்கத்திலேயே சாங்வியில் மகன் வாங்கிய ஃபிளாட்டுக்கு வந்தோம். சில வருடத்தில் மறதி தொடங்கியது. முதலில் கடைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று நிற்பார். பிறகு வீட்டுக்கு வரும் வழி மறந்தது. கடைசியில் என்னை மறந்தார்.

"யாரும்மா நீ? என் பொண்டாட்டி வர்ற நேரம். எழுந்து போ" என்பார்.

குளிக்கக் கூப்பிட்டால் சொம்பை ஓங்குவார். இத்தனை வருடத்தில் என்னை ஒரு அடி அடிக்காத கை அது. அந்தக் கையைப் பார்த்துப் பயந்தேன். அவர் வெளியே போய்விடுவாரோ என்று கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வேன். பூட்டியபின் உள்ளே அவரோடு தனியாக இருக்கவும் பயம்.

மகனுக்கு ஹிஞ்சேவாடியில் வேலை. "இன்னொரு தடவ உன்மேல சொம்ப ஓங்கினார்னா முதியோர் ஹோம்லதான் வுடணும்மா" என்றான்.

"என் வூட்டுக்காரர நான் பாத்துக்குவேன். நீ உன் கம்பெனியப் பாரு" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது.

டாக்டர் சொல்லி, பாட்டு வைத்தியம் தெரிந்த ஒரு மராட்டிப் பெண் பக்கத்து ஔந்திலிருந்து வந்தாள். பாட்டால் இந்த நோய் போகாது, பயம் குறையும், அவருக்கும் உங்களுக்கும் என்று முதல் நாளே இந்தியில் சொல்லிவிட்டாள். எனக்கு என்ன பயம் என்று வெடுக்கென்று கேட்டேன். என் இடுப்புச் சாவியைப் பார்த்தாள்.

சாமிப் பாட்டு கேசட் போட்டோம். காதைப் பொத்திக்கொண்டார். பழைய சினிமாப் பாட்டுக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவரே எதையாவது முணுமுணுப்பாரா, ஆஜி?" என்று கேட்டாள். மராட்டியில் பாட்டியை ஆஜி என்பார்கள். நான் வாய் திறப்பதற்குள் அவரே முணுமுணுத்தார்.

அது ஒப்பாரி. வேலூர்ப் பக்கத்தில் எங்கள் ஊரில் யார் செத்தாலும் என் மாமியாரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். கைப்பிள்ளையான இவரை மடியில் போட்டுக்கொண்டே பாடியவள். அந்த மெட்டு அது. மராட்டிப் பெண் அதற்குத் தகுந்தபடி தொடையில் மெதுவாகத் தட்டினாள். அவர் தோள் தளர்ந்தது. மூடியிருந்த கை விரிந்தது.

"இதையே பாடுங்க ஆஜி. தினமும், குளிக்க வைக்கிறதுக்கு முன்னாடி."

"இது பொணத்துக்குப் பாடறது" என்றேன்.

திகைத்துப்போனாள். "உங்க மனசு ஒப்பலேன்னா வேண்டாம். ஆனா அவர் கையப் பாருங்க" என்றாள்.

கழுத்தில் தாலி இருக்க, எதிரில் புருஷன் உட்கார்ந்திருக்க, ஒப்பாரி எடுப்பேனா? எமனுக்கு நானே கதவைத் திறந்துவிடுவதா? மாட்டேன் என்றே இருந்தேன். ஒருநாள் காலையில் அவர் ஓங்கிய சொம்பு என் நெற்றியில் பட்டது. சாயங்காலம் மகன் வந்தால் வீக்கத்தைப் பார்ப்பான். அவரை ஹோமுக்கு அனுப்பிவிடுவான். எமனைவிட அந்தப் பயம் பெரிதானது. மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, சொல்லை நானே மாற்றிப் பாடினேன்.

"வெந்நி பதமாச்சு என் ராசாவே – உங்க
நீலச் சட்ட காத்திருக்கு என் ராசாவே"

அவர் எழுந்து வந்து முக்காலியில் உட்கார்ந்தார். நெற்றி வீக்கத்துக்குக் கதவில் இடித்துக்கொண்டேன் என்று மகனிடம் சொல்லிவிட்டேன். அடுத்த நாளும் அவர் குளிக்க வந்தார்.

லீவில் வீட்டில் இருந்த மகன் ஒருநாள் பால் வாங்கிவிட்டு ஓடி வந்தான். "அம்மா, கீழ வாட்ச்மேன் கேக்கறான். இன்னாமா இது, யாரு செத்தாங்க?"

"ஒருத்தரும் சாகல. உங்கப்பா குளிக்கிறாரு."

எட்டிப் பார்த்தான். அப்பா கண்ணை மூடிக்கொண்டு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். ஹோம் பேச்சை அதற்குப் பிறகு அவன் எடுக்கவில்லை.

ஆனாலும் தாலியைத் தொட்டுக்கொண்டுதான் பாட ஆரம்பிப்பேன். ஒருநாள் அவரே தன் அம்மாவின் சொல்லைப் போட்டு, "தனியா வுட்டுப் போனியே" என்று இழுத்தார். சோப்புக் கையோடு அவர் வாயைப் பொத்தினேன். கையை மெல்ல விலக்கினார்.

"நல்லாப் பாடறியே, நீ எந்த ஊரும்மா?"

நான் பிறந்த ஊரின் பேரைச் சொன்னேன்.

"அட, என் பொண்டாட்டி ஊரு" என்றார்.

இப்போது வேறு பயம் வந்திருக்கிறது. கொஞ்ச நாளாக மாடி ஏறினால் எனக்கு மூச்சு வாங்குகிறது. அவருக்கு முன்னால் நான் போய்விட்டால் இதை யார் பாடுவது? மகனுக்குக் கூச்சம். பேத்திக்குத் தமிழ் எழுத்து கொஞ்சம் தெரியும். அவளுக்காகத்தான் இதை எழுதினேன். பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

இந்தா கண்ணு, நான் எழுதனத மொதல்லேர்ந்து படிச்சுக் காட்டு. திக்கினா பரவால்ல. பாட்டு வர்ற எடத்துல மட்டும் படிக்காத, இழுத்துப் பாடு. தாத்தா இன்னும் குளிக்கல.